படம் கிடைக்காத இடமெல்லாம் என் முகம்

இந்த ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஆளுக்குக் காபிதான் பிடிக்குமோ என்று ஏட்டையா இரண்டையும் வாங்கி வந்துவிட்டார், பாவம்.

என் பெயர் அருள்பாண்டி. பிறந்தது திருப்பத்தூர்ப் பக்கம், குடியிருப்பது காரைக்குடியில். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் சும்மா எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள ரெடிமேடாகச் சில பாகங்கள் உண்டு. அதை லைப்ரரி என்போம். நாங்கள் வைத்திருக்கும் லைப்ரரி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உலகம் முழுக்கப் பல பேர் சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொள்கிறோம். பட்டன், மெனு எல்லாம் பெரிய கைகளிடம் இருக்கின்றன. என்னிடம் விழுந்தது யாரும் எட்டிப் பார்க்காத மூலை. புள்ளி, நீள அகலம், செவ்வகம், ஒரு செவ்வகம் இன்னொன்றை உரசுகிறதா என்ற கணக்கு, பிறகு ஃபைலிலிருந்து படத்தை எடுத்துத் திரையில் வைப்பது. கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் உட்காருகிற மாதிரி. யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், காணாமல் போனால் மட்டும் தேடி வருவார்கள்.

துர்காதேவி அக்காவைத் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறார். அவருக்கு இலவசமாக ஒரு புரோகிராம் செய்து கொடுத்தேன். அதற்குள்ளும் எங்கள் லைப்ரரிதான் ஓடுகிறது. அக்கா மாப்பிள்ளைப் படங்களைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். படம் கிடைக்காத இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வரும். பெண் வீட்டார் அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

"தம்பி, அந்தச் செவப்பைத் தூக்கிருப்பா. அபசகுனமா இருக்குன்டு சொல்றாக. மங்களகரமா வேற ஏதாச்சும் வையி" என்றார்.

நான் என் முகத்தை வைத்தேன்.

நியாயமாக யோசியுங்கள். என் ஜாதகமும் அங்கேதான் ஏழு வருஷமாகக் கிடந்தது. "மாப்ளை வீட்லயே இருக்காராமே" என்று ஒதுக்கினார்களே தவிர, என் படம் வரைக்கும் ஒருவரும் வந்ததில்லை. ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வேன். பார்க்காமலே வேண்டாம் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ராத்திரி சோறு இறங்காது ஐயா.

அந்த மாற்றத்தை லைப்ரரிக்குள்ளேயே வைத்தேன். அது உலகம் முழுக்கப் போனது. வெளிநாட்டில் ஒரு மிருகக்காட்சிசாலை அறிவிப்புத் திரையில் நீர்யானை படம் திறக்காமல், 'அருகில் போகாதீர்கள்' என்பதற்கு மேல் என் முகம் வந்ததாகப் புகார் எழுதியிருந்தார்கள். மூன்று சிஸ்டத்திலும் பாரபட்சமில்லாமல் தெரிந்ததில் எனக்குத் திருப்திதான்.

காரைக்குடியில் மட்டும் நிலைமை மோசமானது. துர்காதேவி அக்கா திருந்திவிட்டார். படங்களைச் சரியான இடத்தில் வைக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் நான் செவ்வகத்தில் ஒரு சின்ன வேலை செய்தேன். ஸ்டூடியோக்காரர்கள் கொடுக்கும் படத்துக்கு என்று ஒரு நீள அகலம் இருக்கிறது. அந்த அளவில் எது வந்தாலும் 'திறக்க முடியவில்லை' என்று சொல்ல வைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் எல்லா மாப்பிள்ளையும் நான்தான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்கிறார்கள். நான் சொன்னது ஒரே பொய். அது பல தடவை தெரிந்தது, அவ்வளவுதான்.

கொத்தமங்கலத்திலிருந்து செம்மலை ஐயா தன் மகள் மீனாளோடு வந்த அன்று, பிரிண்டர் பார்க்கிற சாக்கில் நான் அங்கேதான் இருந்தேன். அக்கா ஒவ்வொரு வரனாகக் காட்டினார். செம்மலை ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, அம்புட்டுப் பேரும் ஒரே சாடையா இருக்காக?"

நான் பிரிண்டர் மூடியைத் திறந்து மூடினேன். அதற்குள் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "பங்காளிகளா இருப்பாக. ஒரே வகையறான்னா சாடை அடிக்கத்தானே செய்யும்."

அக்காவும் "ஆமாண்ணே, பெரிய வகையறா" என்று சேர்ந்துகொண்டார். வியாபாரம் ஆயிற்றே.

பிறகு செம்மலை ஐயா என் பக்கம் திரும்பினார். "தம்பி, செத்த அங்குட்டுத் தள்ளி உக்காருங்க. நீங்க மறைக்கிறதுல மாப்ளை மூஞ்சி தெரியலை."

தள்ளி உட்கார்ந்தேன். மீனாள் என் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடைசியில் நாலாவது என்னைக் கைகாட்டினாள். அது சிவபிரகாஷ், வங்கியில் வேலை. ஆனால் முகம் என்னுடையது. அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போனதாக ஞாபகமில்லை, மிதந்துதான் போனேன்.

பெண் பார்க்கச் சிவபிரகாஷ் சொந்த முகத்தோடு போனான். அடுத்த நாள் துர்காதேவி அக்கா பூரிப்போடு சொன்னார். "பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? போட்டோவைப் பாத்துப் பயந்துக்கிட்டே இருந்துச்சாம். நேர்ல எம்புட்டோ தேவலையாம். பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்ச மாதிரி இருக்குன்டு சொல்லிச் சிரிச்சுச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அழுகைகூட வந்தது. கோபம் வரவில்லை. ஒரு பெண் எடுத்த முடிவை மதித்து நடப்பவன் நான். அவள் முதலில் எடுத்த முடிவைத்தான் மதித்தேன்.

கொத்தமங்கலத்தில் மீனாள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த முருகப்பனுக்கும் நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மண்டபத்துப் பெரிய திரையில் முகங்களைச் சுற்றிப் பூ வளையம் போடும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு செவ்வகம் பிடித்தால்தான் வளையம் போட முடியும். தாலி கட்ட மாப்பிள்ளை குனியும்போது அந்த இரண்டு செவ்வகமும் உரசும். மாப்பிள்ளைக்கு வலது கைப்பக்கம் பெண் உட்காருவதால், எதிரே இருந்து பார்க்கிற நமக்கு மாப்பிள்ளை வலப்பக்கம் தெரிவான். ஆகவே இரண்டும் உரசிய நொடியிலிருந்து வலப்பக்க முகம் கிடைக்காத படம் என்று எழுதி வைத்தேன். கிடைக்காத படத்துக்கு என் முகம்.

கணக்கு பிசகவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது திரையில் மீனாளுக்குத் தாலி கட்டியது நான்தான். எல்லாரும் மேடையைப் பார்த்து அட்சதை போட்டுக்கொண்டிருந்ததால் திரையை ஒருவரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். நாலு அரிசி என் மேலும் விழுந்தது. மனசு நிறைந்து பந்திக்குப் போனேன்.

அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. தாலி ஏறியதும் முதல் பந்திக்கு ஓடுகிற ஜாதி நான். எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், தாலிக்குப் பிறகு மேடையில் என்ன நடக்கும் என்று ஒரு தடவையும் பார்த்ததில்லை. தாலி கட்டியபின் பெண்ணும் மாப்பிள்ளையும் இடம் மாறி உட்காருவார்களாம், திரையில் வலப்பக்கம் பெண் வந்துவிடுவாளாம். சத்தியமாக எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரு திரை வைத்திருந்தார்கள். கவுனி அரிசி இனிப்பில் கை வைத்தேன், கூடமே அமைதியானது. நிமிர்ந்தால், திரையில் கூறைப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், மாலை, அதற்குமேல் மீசையோடு நான். சிவபிரகாஷ் என் கால்விரலில் மெட்டி போட்டுக்கொண்டிருந்தான். பிறகு பந்தியில் இருந்த முந்நூறு பேரும் திரும்பி என்னை நேருக்கு நேராகப் பார்த்தார்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். செம்மலை ஐயா மயங்கி விழுந்தது, மாப்பிள்ளை வீட்டார் என் சட்டையைப் பிடித்தது எல்லாம். செய்தது நான்தான். காரைக்குடியிலும், கொத்தமங்கலத்திலும், அந்த நீர்யானை விஷயத்திலும் நான் ஒருவன்தான். யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி ஐயா. சட்டையைப் பிடித்து என்னை இழுத்துப் போகும்போது, கடைசி வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா திரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "பொண்ணு மூக்கும் முழியுமா லட்சணமாத்தான் இருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மாவைச் சாட்சியாகக் கூப்பிடுவீர்கள் அல்லவா? கூப்பிட்டால், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.