நாற்பத்தெட்டாவது சுற்று

மணி இரண்டே முக்கால். பேருந்துப் பணிமனையைத் தாண்டி ஊருக்கு வெளியே போகிற சாலை. தெருவிளக்கு மூன்றுதான், அதிலும் ஒன்று எரியவில்லை. அந்தச் சாலையில் ஒருவன் தனியாக ஸ்கூட்டரில் போகிறான். முதுகில் பை. பைக்குள் ஒரு ரெக்கார்டர், ஒரு ஹெட்ஃபோன், அம்மாவின் மரக்கரண்டி ஒன்று.

சிரிக்காதீர்கள். அந்தக் கரண்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், எனக்குச் சத்தமாகப் பேச வராது.

இது என் தோழியின் தம்பிக்கு நடந்தது. அவளும் நானும் ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறோம். இல்லாததைச் சொல்கிறவள் இல்லை அவள். தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. இரவானால் மாடி அறைக்கு ஏறிவிடுவான். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு மின்விசிறி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' போடும். அதனால் வேலை செய்யும்போது அதை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து இசை செய்வான்.

செய்வான் என்றால்... ஒட்டுவான். லூப் என்று இணையத்தில் விற்பார்கள். யாரோ எங்கேயோ வாசித்துப் பதிந்து வைத்த நான்கு விநாடித் தாளம். வாங்கித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் தலையில் இன்னொன்றை வைத்தால் பாட்டு தயார். தம்பி அப்படி முப்பது பாட்டு செய்து, கடையில் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்துக் கேட்கச் சொல்லியிருந்தான். ஒருநாள் டீ குடிக்கும்போது கூட வேலை செய்கிறவன் ஆரம்பித்தான்.

"டேய், உன் பாட்டு நேத்து டிவில வந்துச்சே!"

"எந்தப் பாட்டு?"

"அதான், சோப்பு விளம்பரம். உன் பாட்டுக்குத்தான் ஒரு பாப்பா குளிக்குது."

அதே லூப். காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிறதுதானே. அன்றிலிருந்து கடையில் அவன் பெயர் ஒட்டு மாஸ்டர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவோடு படித்த ஒரு பெண் தன் முதல் குறும்படத்தை எடுத்து முடித்தாள். இசைக்குத் தம்பியைக் கேட்டாள். ஒரே ஒரு நிபந்தனை.

"வாங்கின துண்டு ஒண்ணுகூட வேணாம் தம்பி. முழுசா உங்க கைவேலையா இருக்கணும். நல்லா வந்துச்சுன்னா அடுத்த படமும் உங்களுக்குத்தான்."

பத்து நாள் அவகாசம். எட்டு நாள் ஓடிப்போயிற்று. மேசையைத் தட்டினான், வாளியைத் தட்டினான், தன் பல்லைக்கூடத் தட்டிப் பார்த்தான். எதைத் தட்டினாலும் ஏற்கெனவே எங்கோ கேட்டது போலவே இருந்தது. ஒன்பதாவது இரவு, சமையலறை ஆணியில் தொங்கிய இரண்டு மரக்கரண்டிகளில் ஒன்றை எடுத்தான். பணிமனைக்கு அப்பால் கால்வாய் மேல் ஓர் இரும்பு நடைபாலம் உண்டு. அதன் கம்பியைத் தட்டினால் வருகிற சத்தம் எந்த விளம்பரத்திலும் இருக்காது என்று நினைத்தான். வண்டிச் சத்தம் இல்லாத நேரமாக இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டே முக்கால்.

பாலத்தில் யாரும் இல்லை. தேங்கிய தண்ணீரின் நாற்றம். ஈர இரும்பின் வாடை... நாக்கில் காசை வைத்தால் வருமே, அது. ரெக்கார்டரைக் கம்பியில் கட்டினான். தட்டினான். டங்... டங்... டங்... தாளம் சீராக நிற்கவில்லை. கால் மணி நேரம் தட்டினான். அவன் தட்டியதைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. இதை அவன் சத்தியம் செய்து சொல்கிறான்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோது...

டங். டி-டிங். டங். டிடி... டிங்.

அவன் விட்ட இடைவெளிகளில் இன்னொரு தட்டு. மெல்லியது. பாலத்தின் மறுமுனையிலிருந்து. எதிரொலி என்று நினைத்தான். ஆனால் எதிரொலி ஒவ்வொரு முறையும் ஒரே தாமதத்தில்தான் வர வேண்டும். இது இஷ்டத்துக்கு வந்தது. சில இடங்களில் அவன் தட்டுவதற்கு ஒரு கணம் முன்பே வந்தது.

பயந்தானா? இல்லை. அவனுக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படி ஒரு தாளத்தை அவன் கேட்டதே இல்லை. ஓடிப்போய் அக்காவை எழுப்பினான். தூக்கக் கலக்கத்தில் ஹெட்ஃபோனை மாட்டியவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா இருக்குடா... கூட யாரு வந்தா?"

"யாருமில்லக்கா."

"அப்ப நடுவுல நடுவுல வாசிக்கிறது யாரு?"

அவள் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினான். பிறகு சொன்னான்.

"நான்தான்."

அதோடு விட்டானா? தன் தட்டுகள் கோணலாக இருக்கின்றன என்று அவற்றையெல்லாம் வெட்டி எறிந்தான். மற்றதை மட்டும் வைத்துக்கொண்டான். அதிலும் தனக்குப் பிடித்த நான்கு விநாடியை நறுக்கி, நகலெடுத்து, வரிசையாக நாற்பத்தெட்டு முறை ஒட்டினான்.

பழக்கம்.

காலையில் அதை அனுப்பிவைத்தான். மாலை இயக்குநர் பெண் அழைத்தாள்.

"பிரமாதம் தம்பி! வாசிச்சது நீங்கதானே?"

"நான்தாங்க."

"கடைசியில பேரெல்லாம் ஓடணும். இன்னும் ரெண்டு சுற்று சேர்த்துக் காலையில அனுப்பிடுங்க. ஆமா... அந்தத் தாளம் போகப் போகக் கிட்ட வருதே, அதை எப்படிப் பண்ணீங்க?"

அவன் எதுவும் பண்ணவில்லை. எல்லாம் ஒரே துண்டு, ஒரே அளவுச் சத்தம்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு நகல்களில் ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றேயானால், ஐந்தும் மைனஸ் ஐந்தும் சேர்ந்து பூஜ்யமாவது போல, நிசப்தம்தான் மிஞ்சும். வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் கேட்கும்.

அன்று இரவு அறையில் உட்கார்ந்து, முதல் சுற்றோடு இரண்டாவதைச் சேர்த்துப் போட்டான். நிசப்தம் இல்லை. மிகச் சன்னமாக... எதையோ ஊன்றியது போல.

பத்தாவது சுற்று. இரும்புத் தகட்டில் கால் வைக்கிற சத்தம். ஈரக் கால்.

இருபது. சரளைக்கல்.

முப்பத்து மூன்று. ஒரு கேட் திறக்கிறது. கீச்... கீச். இரண்டு கீச். அவர்கள் வீட்டு கேட் அப்படித்தான் கத்தும். எண்ணெய் போடச் சொல்லி அம்மா ஒரு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

நாற்பதிலிருந்து படிகள். சுற்றுக்கு இரண்டு. நாற்பத்தாறு முடியும்போது பதினான்கு. அவர்கள் மாடிக்கும் பதினான்கு படிதான்.

நாற்பத்தேழு. தாழ்ப்பாள்.

நாற்பத்தெட்டைப் போடக் கை வரவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கடைசியில் போட்டான். காலடி இல்லை. மூச்சும் இல்லை. டக்... டக்... டக்...

நிமிர்ந்து பார்த்தான். மின்விசிறி நின்றுதான் இருந்தது.

அவன் பின்னால் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இயக்குநர் பெண் இன்னும் இரண்டு சுற்று வேண்டும் என்கிறாள். நாற்பத்தெட்டில் அறைக்குள் வந்தாயிற்று. ஐம்பதில் எங்கே இருக்கும்? அனுப்பாவிட்டால் படம் போச்சு, ஆயுளுக்கும் ஒட்டு மாஸ்டர். நகலெடுத்து ஒட்ட இரண்டு விநாடி போதும். விரல் மவுஸின் மேல் இருந்தது... வெகுநேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டான்.

விடியப் போகும் நேரத்தில், பையிலிருந்து கரண்டியை எடுத்தான். ஜன்னல் கம்பியோரம் மைக்கை வைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே இரண்டு சுற்று வாசித்தான். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு தட்டும் அவனுடையது. திருப்பிக் கேட்கத் தைரியமில்லாமல் அப்படியே அனுப்பினான்.

ஏழு மணிக்கு அவள் அழைத்தாள்.

"தம்பி, கடைசி ரெண்டு சுற்றுதான் உயிரே! நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிக்கிறீங்க பாருங்க... அவர் பேரைச் சொல்லுங்க, டைட்டில்ல போடணும்."

அவன் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பேரு... வேணாங்க. என் பேருக்குக் கீழ ஒரு வரி காலியா விட்டுடுங்க."

போனை வைக்கும்போது கீழேயிருந்து அம்மாவின் குரல்.

"டேய், கரண்டி ரெண்டையும் எதுக்குடா தூக்கிட்டுப் போனே? நான் எதை வெச்சுக் கிண்டுறது, உன் தலையை வெச்சா?"

அவன் கையில் ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்று மாடிப்படியில் கிடந்தது. பதினான்காவது படியில். சொட்டச் சொட்ட நனைந்து, இரும்பு வாடையோடு.

இப்போது தம்பி கடைக்குப் போவதில்லை. படத்துக்கு மேல் படம் வருகிறது. லூப் ஒன்றுகூட வாங்குவதில்லை. நான் ஆறு படம் பார்த்துவிட்டேன். ஆறிலும் அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது.

கரண்டிகள் இரண்டும் அதே ஆணியில்தான் தொங்குகின்றன. அம்மா அவற்றைத் தொடுவதில்லை, எவர்சில்வரில் கிண்டிக்கொள்கிறாள். அக்கா மட்டும் தொட்டுப் பார்ப்பாள். தம்பி ஒரு படத்தின் இசையை முடித்துவிட்டுத் தூங்குகிற நாட்களில், காலையில் அவன் வாசித்த கரண்டி காய்ந்திருக்கும். மற்றது ஈரமாக இருக்கும். அது பழகிவிட்டது என்கிறாள்.

போன வாரம் தொட்டபோது இரண்டுமே ஈரமாக இருந்தனவாம்.