ஒரு சொட்டுக்குள் ஒன்பது பேர் பார்த்த கூட்டம்

என் பெயர் சடையாண்டி, வயது 58, கன்னிவாடியில் விவசாயம். வத்தலக்குண்டு பரிசோதனை நிலையத்துக்குள் இன்று காலை நான் ஆட்களை அத்துமீறி அழைத்துச் சென்றதாக, அங்கு வேலை பார்க்கும் இளவேனில் கொடுத்த புகார் எனக்கு வாசிக்கப்பட்டது. புகார் உண்மை.

என் அக்காள் ஒச்சாயியின் மகன் அழகுராஜா, பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் ஷெட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தான். கல்யாணமாகி ஐந்து வருடமாகப் பிள்ளையில்லை. பழி அவன் மனைவி ஜீவிதா மேல் விழுந்தது. நான்கு மாதம் முன்பு அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் ஈயம் ஏறி விந்தணு குறைந்துவிட்டது என்றார். அன்று மைக்ராஸ்கோப்பில் நானும் பார்த்தேன். பந்த் நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி கிடந்தது. "மொதல்ல அந்த வேலையை விடணும். கூடவே நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரை சாப்பிடட்டும், ஈயம் பண்ற கெடுதலை அது கொஞ்சம் தடுக்கும்" என்றார். அதன் பிறகு அவனை என் தோட்டத்திலேயே நிறுத்திக்கொண்டு, வட்டாரத்து முருங்கை மரங்கள் என்னைக் கண்டால் இலையை மறைத்துக்கொள்ளும் அளவுக்கு ஊட்டினேன். அக்காளோ, "ஏலே, கீரை தின்னு பிள்ளை பெத்தவன் எவன்?" என்று ஜீவிதாவை உறவறுத்து அத்துவிட நாள் குறித்தாள்.

இன்று மறுபரிசோதனை. மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தேன். தைப்பூசத்துக்குப் பழனி போகும் கூட்டம் மொத்தமும் ஒரு சொட்டுக்குள், அதுவும் வாலோடு, ஓடிக்கொண்டிருந்தது. என் கை தானாகக் கும்பிட்டது. அதன் பிறகு, அக்காள் குறித்த நாளும் இன்றே என்பதால் ஜீவிதாவைக் கொடைரோட்டில் தாய்வீட்டில் விட்டுவர அவ்வழியே வந்த வேனை நடுரோட்டில் மறித்து, உள்ளேயிருந்த இரு வீட்டாரையும் இறக்கி மைக்ராஸ்கோப் முன் வரிசையில் நிறுத்தினேன்.

"ஐயா, இது என்ன பொருட்காட்சியா? அந்த அண்ணன் மானம் போகுது!" என்று இளவேனில் தடுத்தார்.

"அஞ்சு வருசமா அந்தப் புள்ள மானந்தாம்மா போச்சு" என்று விலக்கினேன். தள்ளவில்லை.

சுவரைப் பார்த்து நின்ற அழகுராஜா, "பாக்கட்டும் மாமா" என்றான்.

ஒன்பதாவதாகக் குனிந்த அக்காள் வெகுநேரம் நிமிரவில்லை. "ஏலே, இம்புட்டு உசுரா!" என்றாள். அதன் பிறகு வெளியே போய், வேனருகே நின்ற ஜீவிதாவிடம், "வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"வாரேன் அத்தை. திரும்ப ஈய ஷெட்டுக்குப் போகமாட்டேன்னு உங்க மகன் எழுதித் தரட்டும்."

தாள் தேடுவதற்குள் போலீஸார் வந்துவிட்டனர். ஆகவே ஸ்டேஷனில் அதை இந்த வாக்குமூலத்திலேயே எழுதும்படி கேட்டேன். இதில் அதற்கு இடமில்லை என்றார் ஏட்டையா. ஜீவிதா அவர் மேசை முன் வந்து நின்று கேட்ட பிறகு எழுதிக்கொண்டார்: அழகுராஜா இனி அந்த வேலைக்குப் போகமாட்டான்.

படிக்கக் கேட்டேன். சொன்னபடி எழுதியிருக்கிறது, நடந்தபடி சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) சடையாண்டி

வேலைக்குப் போகமாட்டான் என்ற வரிக்கு மட்டும்: (ஒப்பம்) அழகுராஜா