குதிரைக்குத் தெரிந்த சொல்

நான் பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்கிறேன். காவல் நிலையத்தில் ஏட்டையா அனுமதித்ததால் என் கையாலேயே எழுதுகிறேன்.

பெயர் அதீபா, வயது பதினைந்து, த/பெ ஹபீப் ரஹ்மான், கடைவீதி, முள்ளுக்குறிச்சி. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, 2001 மே மாத விடுமுறைக்கு மலைமேல் உள்ள வாசலூர்பட்டியில் என் தாய்மாமன் நவ்ஷாத் வீட்டில் தங்கியிருந்தேன்.

மாமா 1997 முதல் மூன்று ஆண்டுகள் வடக்கே வேலிகளைத் தாண்டி ஓடும் குதிரைப் பந்தயங்களில் சவாரி செய்தவர். ஒரே ஒரு முறை ஜெயித்தார். மறுநாள் பத்திரிகைப் படத்தில் குதிரையின் வயிறும் அவருடைய ஒரு பூட்ஸும் மட்டுமே விழுந்திருந்தன. அதன் பிறகு ஒரு பந்தயத்தில் கீழே விழுந்து தோள் எலும்பு முறிந்ததால் அவருக்குச் சவாரி தர மறுத்துவிட்டார்கள். தான் ஜெயித்த அதே பெண் குதிரையை, வயதாகிவிட்டதென்று முதலாளி கழித்துவிட்டபோது, லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, படகு இல்லத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்காட்டிப் பிழைத்து வந்தார்.

படகு ஓட்டும் சின்னுசாமி, "ஏனுங்க பாய், பந்தயக் குதிர இப்ப படகுக்கு டிக்கெட் கிழிக்குதுங்களா?" என்று கிண்டல் செய்வார். "உங்க படகத் தாண்டச் சொல்லட்டுங்களா? தலையக் குனிஞ்சுக்குங்க" என்பார் மாமா.

பந்தயத்தில் ஒவ்வொரு வேலிக்கு முன்பும் மாமா அதன் காதருகே "கண்ணு" என்று சொல்வாராம். அதைக் கேட்டதும் குதிரை எழும்பும். எங்கள் பக்கம் பிள்ளைகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்பதால், வருகிறவர்களிடமெல்லாம் "பேரச் சொல்லிக் கூப்புடுங்க, கண்ணுன்னு மட்டும் சொல்லீராதீங்க" என்பார். வீட்டில் என்னைக் கண்ணு என்பவர், குதிரை பக்கத்தில் இருந்தால் அதீபா என்பார்.

சம்பவத்தன்று மாலை வெளியூர்ச் சிறுவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு, மாமா கடிவாளத்தைப் பிடித்து நடந்தார். நான் பின்னால் சென்றேன். ஏரிக்கரைக்கு வந்ததும் சிறுவன் பயந்து அழுதான். அப்போதுதான் கூடையோடு அங்கே வந்த அன்னாசிப்பழம் விற்கும் சென்னம்மாள், "அழுவாத கண்ணு, கெட்டியாப் புடிச்சுக்க" என்றார். உடனே குதிரை கரையின் குட்டைச் சுவரைத் தாண்ட எழும்பியது. மாமா கடிவாளத்தை விட்டுவிட்டுச் சிறுவனை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு விழுந்தார். குதிரையின் பின்னங்கால் அவர் நெஞ்சில் பட்டது. அதன் பிறகு குதிரை சுவருக்கு அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றது. சிறுவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் மலை இறங்கும்போது, பாதி வளைவுகளைத் தாண்டுவதற்குள் மாமா இறந்துவிட்டார்.

வித்தை காட்டுவதற்காக மாமா வேண்டுமென்றே குதிரையைத் தாண்டவிட்டார் என்று சிறுவனின் அப்பா புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மையல்ல. மாமா கையில் சாட்டை இருந்ததே இல்லை. சென்னம்மாள் மீதும் குற்றமில்லை. அழுகிற பிள்ளையிடம் சொல்ல அவருக்கு வேறு சொல் தெரியாது.

இதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. ஏட்டையா காளியண்ணன், "தண்ணி குடிச்சுட்டு நிதானமா எழுது கண்ணு" என்றார். நிலைய வாசலில் பலா மரத்தில் கட்டியிருந்த குதிரை, கயிறு விறைக்க முன்னங்கால்களைத் தூக்கி எழும்பியது. ஏட்டையா ஜன்னலருகே போய் நின்று பார்த்தார். அதன் பிறகு, "இதையும் எழுது, அதீபா" என்றார்.

நானே எழுதி, நானே இருமுறை படித்துப் பார்த்தேன். இதில் உண்மையல்லாத வரி எதுவும் இல்லை.

(ஒப்பம்) ஹ. அதீபா

பி.கு.: நான் கையொப்பமிட்ட பிறகு, குதிரை மிரளாமல் நிற்பதற்காக ஏட்டையா வாசல் விளக்குகளை அணைத்தார்.