மூன்றாவது அட்டை

— மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நிக்காதீங்க சார். வயித்தை உள்ள தள்ளின போட்டோ எனக்கு வேண்டாம். வீட்டுல எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க.

— வீட்டுல நிக்கிறதில்ல.

— அப்புறம்?

— உக்காந்திருப்பேன்.

— சரியாப்போச்சு. அப்ப இருந்த இடத்துலயே பத்து நடை நடங்க. நடந்து நிறுத்தினா கால் தானா அதோட இடத்துக்குப் போய் நிக்கும். மூஞ்சிக்கு நடிக்கத் தெரியும், காலுக்குத் தெரியாது. சரியா?

— தெரியும்.

— என்ன தெரியும்?

— பத்து நடை. அப்புறம் முன்னாடி ஒரு போட்டோ, ரெண்டு பக்கம், முதுகு. மொத்தம் நாலு.

— அட! வேற ஜிம்ல இருந்து வேவு பாக்க வந்திருக்கீங்களா? சொல்லிருங்க சார். வேவு பாக்கிறவங்களுக்கு இங்க தனி ரேட்டு.

— கண்ணாடிக்கு ஏன் திரை போட்டிருக்கு?

— கண்ணாடியைப் பாத்தா எல்லாரும் நிமிந்துருவாங்க. அளக்கிற அன்னிக்கு நான் மட்டும் பாக்கணும், நீங்க பாக்கக் கூடாது.

— நீங்க மட்டும்தான் பாப்பீங்க.

— வேற யாரு இருக்கா? காலை பேட்ச் போயாச்சு. வாசல்ல உக்காந்திருந்த பொண்ணு சாப்பிடப் போயிட்டா. யாரும் இல்லாத நேரமா வேணும்னு போன்ல கேட்டு வாங்கினது நீங்கதானே? இனி நாலு மணி வரைக்கும் எனக்கு அந்த டிரெட்மில்தான் துணை. பக்கவாட்டுல திரும்புங்க. அந்த நூல் தொங்குது பாருங்க, அதுக்கு நேரா. பாக்கச் சொன்னேன், தலையைத் திருப்பச் சொல்லல.

— இப்படியா?

— அப்படியே. ம். காது நூலைத் தாண்டி மூணு விரல் முன்னாடி இருக்கு. தலை வந்துருச்சு சார், ஆளு இன்னும் வந்து சேரல. என்ன வேலை பாக்கறீங்க? இருங்க, நானே சொல்றேன். குனிஞ்சு பாக்கிற வேலை. டெய்லரா?

— கட்டட வரைபடம் போடுறேன்.

— பாத்தீங்களா, பக்கத்துல வந்துட்டேன்! வேலையைக் கேட்டாலே உடம்புல பாதி கதை தெரிஞ்சிரும்.

— எல்லாரையும் கேப்பீங்களா?

— முதல் கேள்வியே அதுதான். லாரி ஓட்டுறவருக்கு ஒரு தோள், தைக்கிறவங்களுக்கு ஒரு கழுத்து, கைக்குழந்தைக்காரிக்கு ஒரு இடுப்பு.

— டீச்சருக்கு?

— டீச்சருக்குப் பை மாட்டுற தோள் இறங்கும். ஏன் கேக்கறீங்க?

— சும்மா.

— முதுகைக் காட்டுங்க. இடது தோள் உள்ள மடிஞ்சிருக்கு. ஒரே பக்கமா, கட்டில் ஓரத்துல சுருண்டு படுக்கறீங்க. கட்டில்ல இடம் இல்லையா?

— இருக்கு. நிறையவே.

— சாப்பாடும் சரியில்ல. பேண்ட்டை ஒரு கையில பிடிச்சுக்கிட்டுத்தான் அந்தப் பத்து நடையும் நடந்தீங்க. நான் பாக்கலன்னு நினைச்சீங்களா? இந்தக் கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது சார்.

— ஒண்ணும் தப்பாதா?

— பதினோரு வருஷமா இதே வேலை.

— கைப்பிடி மீட்டர் எப்ப?

— அதுவும் தெரியுமா? சரி, இந்தாங்க. முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு, ஒரே அமுக்கு. பல்லைக் கடிக்காதீங்க, பல்லுக்கு மார்க் கிடையாது. முப்பத்தொண்ணு. உங்க உயரத்துக்குக் கம்மி. கையை மாத்துங்க. இருபத்தொம்பது. பரவாயில்ல. ரெண்டு கையும் சேந்து இளைச்சா சோறு போட்டுச் சரி பண்ணிரலாம்.

— ஒரு கை மட்டும் இளைச்சா?

— அப்ப யோசிக்கணும்.

— என்ன யோசிப்பீங்க?

— அது ஆளைப் பொறுத்து.

— வலது கை இருபத்தேழு. அடுத்த மாசம் இருபத்திரண்டு. இடது கை ரெண்டு தடவையும் இருபத்திநாலு. என்ன யோசிப்பீங்க?

— மீட்டரைக் குடுங்க சார்.

— மூணாவது மாசம் எவ்வளவு?

— நீங்க யாரு?

— நீங்க மாசாமாசம் குடுத்த அளவு அட்டை ரெண்டு எங்க வீட்டு பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. மூணாவது வீட்டுக்கு வரல.

— நீங்க... கணக்கு டீச்சரோட...

— வீட்டுக்காரன்.

— ஐயோ சார். முதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு டெய்லரு, டிரெட்மில்லுன்னு உளறிக்கிட்டு இருக்கேன். உக்காருங்க. தண்ணி எடுத்துட்டு வரவா?

— வேண்டாம். நிக்கிறேன்.

— டீச்சர் தவறிப்போன செய்தி எனக்கு வந்ததே மூணு வாரம் கழிச்சு. அவங்க பேட்ச்ல வர்ற பல் டாக்டரம்மா சொன்னாங்க. கிளம்பி வந்தேன். உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன்.

— வீட்டுக்கு வரல.

— வரல. காலு வரல சார்.

— தலைக்குள்ள கட்டி. இடது பக்கம். அதான் வலது கை. பத்து நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தாக்கூட எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.

— எப்படி ஆச்சு?

— மாடிப் படியில. ரெண்டு படி எனக்கு முன்னாடி ஏறிக்கிட்டிருந்தா. கைப்பிடிச் சுவரைப் பிடிக்கப் போன கை பிடிக்கல. அவ்வளவுதான். ஏன் கதவுப் பக்கம் போறீங்க?

— காத்து வரட்டும்னு.

— திறந்தே இருக்கட்டும். நான் கத்த வரல. பையில என்னன்னு நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க. காகிதம்தான்.

— என்ன காகிதம்?

— புகார். மச்சான் எழுதினது. அவளோட அண்ணன். உங்க மேல, இந்த ஜிம் மேல. மாசாமாசம் அளந்து பாத்தும் டாக்டர்கிட்ட அனுப்பல, எடை தூக்க விட்டாங்கன்னு. மூணு பக்கம். அவர் கையெழுத்துப் போட்டாச்சு. என்னுது மட்டும் பாக்கி. ரெண்டு மணிக்கு வக்கீல்கிட்ட குடுக்கணும்.

— அது போனா என் சான்றிதழ் போயிரும் சார். வேற எந்த ஜிம்லயும் என்னை உள்ள விட மாட்டாங்க.

— தெரியும்.

— எனக்கு வேற வேலை தெரியாது.

— மூணாவது அட்டையை எடுங்க. அதைப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்.

— உள் ரூம்ல அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வர்றேன்.

— நானும் வர்றேன்.

— ஓடிர மாட்டேன் சார்.

— நீங்க ஓட மாட்டீங்க. அட்டை கிழிஞ்சிரலாம்.

— ...வாங்க. தலை குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு. இந்தாங்க, இதுதான். நான் கிழிச்சிருந்தா என்னிக்கோ கிழிச்சிருப்பேன்.

— சத்தமா படிங்க.

— வலது கை பதிமூணு. இடது கை இருபத்திநாலு. கண்ணை மூடி ஒத்தைக் கால்ல நிக்கிறது, இடது கால் பத்தொம்பது செகண்ட். வலது கால் மூணு.

— முதல் மாசம் வலது கால் எவ்வளவு நேரம் நின்னா?

— இருபத்தொண்ணு.

— இருபத்தொண்ணுல இருந்து மூணு. நீங்க கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு எதிர்ல நின்னீங்க.

— ஆமா. சாய்ஞ்சப்ப நான்தான் பிடிச்சேன்.

— மேல படிங்க.

— ‘வலது தோள் இறக்கம் கூடியிருக்கு. காரணம், நோட்டுக் கட்டு சுமக்கறது. வலது கைக்குத் தனிப் பயிற்சி.’

— இதேதான் ரெண்டாவது அட்டையிலயும் இருக்கு.

— அதுதான் என் தப்பு சார். என்ன வேலைன்னு கேட்டேன், டீச்சர்னாங்க. அதுக்கப்புறம் அவங்க உடம்பை நான் பாக்கல, டீச்சர் வேலையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பழக்கத்துல இறங்குற தோள் வருஷக் கணக்குல இறங்கும். மாசத்துக்கு மாசம் இறங்காது. புதுசா சேர்ற டிரெய்னர்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அது.

— கீழ சிவப்பு மையில என்னமோ இருக்கே. அடிச்சிருக்கு.

— அது... ‘டாக்டர்கிட்ட அனுப்பணும்.’

— எப்ப எழுதினது?

— அன்னிக்கே. வலது கால் மூணு செகண்ட்ல விழுந்தப்ப கடிகாரத்தைக் கீழ வச்சேன். அப்பதான் பழைய ரெண்டு அட்டையோட நகலையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன்.

— அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரிஞ்சுது.

— எப்ப அடிச்சீங்க?

— அரை மணி நேரம் கழிச்சு.

— எதுக்கு?

— டீச்சர்கிட்ட சொல்லிப் பாத்தேன். ‘பேப்பர் திருத்தற நேரம், லீவுல பாத்துக்கலாம்’னாங்க. வீட்டு ஆளுங்க அதட்டிச் சொன்னா கேப்பாங்கன்னு நினைச்சேன். அவங்க உடுப்பு மாத்தப் போன நேரத்துல, சேர்றப்போ எழுதிக் குடுத்த இன்னொரு நம்பருக்குப் போன் பண்ணேன். யாரு, என்ன உறவுன்னு எழுதல. நம்பர் மட்டும்தான்.

— எடுத்தாங்களா?

— ஒரு ஆம்பளை எடுத்தார். பின்னால ஒரே கூச்சல், கைதட்டல். ஆபீஸ்ல யாருக்கோ ஏதோ விசேஷம் போல. நான் விவரமா சொன்னேன் சார். கை பலம் பாதியாயிருச்சு, நடை ஒரு பக்கமா இழுக்குது, இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. அவர் சிரிச்சார்.

— என்ன சொன்னார்? வார்த்தை மாறாம சொல்லுங்க.

— ‘அவளுக்கு உடம்பு வளையாது மேடம், அவ்வளவுதான் வியாதி. மட்டம் போட ஆயிரம் காரணம் வச்சிருப்பா. நீங்க விடாதீங்க, ரெண்டு மடங்கா வேலை வாங்குங்க.’

— நீங்க என்ன சொன்னீங்க?

— நானும் சிரிச்சேன்.

— சிரிச்சீங்க.

— கூடவே இருக்கிறவங்களுக்குத் தெரியாததா, மாசத்துக்கு ஒரு தடவை அளக்கிற எனக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு ஒரு நிம்மதி. போனை வச்சேன். சிவப்புல எழுதினதை அடிச்சேன். கையில மீட்டர் இருக்கு, பதிமூணுன்னு காட்டுது. அதை நம்பாம போனை நம்பினேன்.

— போன் பண்ணினது அட்டையில இல்ல.

— எழுதல.

— அப்ப இந்த அட்டைப்படி தப்பு உங்களோடது மட்டும்தான்.

— ஆமா சார். அப்படித்தான் இருக்கு.

— வேற யாருக்கும் தெரியாது.

— எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

— ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். அட்டைக்காக இல்ல.

— கேளுங்க.

— போன்ல சொன்னது அவளுக்குத் தெரியுமா?

— சார், அது இப்ப எதுக்கு...

— தெரியுமா, தெரியாதா?

— உடுப்பு மாத்திட்டு வந்தாங்க. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பி நின்னாங்க. நான் விளையாட்டாச் சொன்னேன். ‘உங்களைப் பத்தி வீட்டுல நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காங்க டீச்சர்’னு.

— அதோட விட்டீங்களா?

— இல்ல. உடம்பு வளையாதுன்னதையும் சொன்னேன். மட்டம் போடுவாங்கன்னதையும் சொன்னேன்.

— அவ என்ன சொன்னா?

— பையைக் கீழ வச்சாங்க.

— சிரிச்சாளா?

— இல்ல. திரும்ப ஷூவை மாட்டினாங்க. வலது ஷூ கயிறு முடிச்சு விழவே இல்ல, நான்தான் குனிஞ்சு போட்டுவிட்டேன். அப்புறம் ரெண்டு கிலோ டம்பெல்லை எடுத்து நாப்பது தடவை தூக்கினாங்க. வலது கையால. சத்தமா எண்ணிக்கிட்டே. கணக்கு டீச்சராச்சே, எண்ணிக்கை தப்பவே இல்ல.

— அதுக்கப்புறம் எத்தனை நாள் வந்தா?

— பன்னெண்டு நாள். ஒரு நாள்கூட விடல.

— ஒரு நாள்கூட.

— சார், உக்காருங்க. முகம் வெளுத்திருச்சு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— மணி என்ன?

— ஒண்ணேகால். நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க புகார்ல கையெழுத்துப் போடுங்க. என் பங்கு தப்பை நான் ஒத்துக்கறேன், காலைப் பிடிக்க மாட்டேன். ஆனா நான் மட்டும் போறது நியாயமில்ல. அந்தப் போன்ல பேசின ஆளையும் அதுல சேருங்க. எங்க வேணாலும் வந்து சாட்சி சொல்றேன்.

— யாரைச் சேக்கறது?

— சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்க மச்சான் மேலதான் சந்தேகம். தங்கச்சியை அப்படி எகத்தாளமா பேச அண்ணன்காரனுக்குத்தான் வாய் வரும். மூணு பக்கம் எழுதி, முதல் ஆளா கையெழுத்தும் போட்டிருக்கார். மடியில கனம் இருக்கப் போயித்தான் இந்த வேகம்.

— அது நானா இருக்கக் கூடாதா?

— நீங்களா? ஒரு மணி நேரமா உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேன் சார். கிணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கு உங்க குரல். அது வேற ஆளு. கலகலன்னு, பத்து பேரைச் சிரிக்க வைக்கிற குரல்.

— அப்பல்லாம் என் குரல் அப்படித்தான் இருந்துச்சு, மேடம்.