கறுப்புத் தொட்டித் தண்ணீர்

அருப்புக்கோட்டையில் சித்திரை மாதம் மாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அப்படியே தேயிலையைப் போடலாம் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் கையை வைத்து எடுக்க முடியும். வைத்துக்கொண்டே இருக்கத்தான் முடியாது. ஆழ்குழாய்த் தண்ணீர் ஏறும் அந்தத் தொட்டி கறுப்பு நிறம். வாங்கப் போனபோது கடைக்காரர் வெள்ளையும் காட்டினார். கறுப்பில் பாசி பிடிக்காது என்று நான்தான் இதை எடுத்தேன். இதில் யாருடைய குற்றமும் இல்லை.

இதை எழுதச் சொன்னது சுகப்பிரியா. எங்கள் எம்.எஸ். தோழமைக் கூட்டத்தில் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிப் பிள்ளை. கூட்டத்தின் மூன்றாம் ஆண்டு மலரில் 'துணைவர் பக்கம்' என்று எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. "உங்க அனுபவத்த அப்படியே எழுதுங்க சார், அலங்காரம் ஏதும் வேண்டாம்" என்றது. நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டு பக்கத்தில் 'பொறுமை' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. இது அதில் விட்டுப்போனது.

என் பெயர் ஆனந்தகுமார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். என் மனைவி சுபத்ராவுக்கு ஒன்பது வருடங்களாக மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், அதுதான் அந்த எம்.எஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போய், மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராமல் போகும் நோய். சுபத்ரா எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பாள். கைகளிலும் நெஞ்சுக்குக் கீழேயும் சூடு குளிர்ச்சி தெரியாது. முகத்திலும் கழுத்திலும் தெரியும். உடம்பு சூடேறினால் இருக்கிற பலமும் சில மணி நேரத்துக்குப் போய்விடும், பார்வை மங்கும். ஆறியதும் திரும்பி வந்துவிடும். எங்கள் ஊரில் உடம்பு சூடேறாமல் இருக்க மார்கழியில் பிறந்து தையில் வேறு ஊருக்குப் போய்விட வேண்டும்.

முதல் ஆறு வருடங்கள் கூட்டம் கிடையாது. நான் மட்டும்தான். தலை வாரிவிடுவேன். சேலைக்குக் கொசுவம் வைத்துக் கொடுப்பேன். கல்யாண வீட்டு வாசலில் காரிலிருந்து அவளைத் தூக்கி இறக்குவேன். அங்கே என்னைக் காட்டித் தங்கள் மருமகன்களுக்குப் புத்தி சொல்லாத மாமியார் கிடையாது. எனக்கு அது பிடிக்கவில்லை என்று எழுதினால் மலருக்குக் கொடுத்ததைப் போல இதுவும் ஆகிவிடும்.

பிறகு சுகப்பிரியா வந்தது. அருப்புக்கோட்டையிலும் சுற்றுப்பட்டியிலும் இந்த நோயுள்ள பதினோரு பேரைத் தேடிப் பிடித்தது. பஞ்சு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றைக் கேட்டு வாங்கியது. சுவர் இரண்டு முழ அகலம், உள்ளே எப்போதும் குளுமை. சன்னல்களில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நாலரை மணிக்குக் கூட்டம். உட்கார்ந்தபடி பயிற்சி, கேரம், பந்து எறிவது, பாட்டு. கண் சரியாகத் தெரியாதவர் சீட்டுக் கலைத்துப் போட, கை நடுங்குபவர் டீ ஊற்றுவார். சிந்தினால் ஆளுக்கொரு கமெண்ட். இப்படிச் சிரிக்கும் நோயாளிகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதில் முதல் ஆள் வீரணன். எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன், இப்போது சக்கர நாற்காலி. நான் சுபத்ராவைக் காரிலிருந்து இறக்குவதைப் பார்த்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, பட்டாசு லோடு எறக்குற மாதிரில்ல எறக்குறீக. அக்கா ஒண்ணும் வெடிச்சிர மாட்டாக, விடுங்க."

சுபத்ரா சிரித்தாள். அடுத்த மாதம் காரிலிருந்து தானே இறங்கினாள். அதற்கடுத்த மாதம் தானே தலை வாரிக்கொண்டாள். வகிடு கோணலாக இருந்தது. சொன்னேன். "கோணலா இருந்தாலும் நான் எடுத்த வகிடு" என்றாள். ஒரு நாள் கிட்டங்கியில் எல்லோர் முன்னாலும் என்னைப் போல நடித்துக் காட்டினாள். முதுகைக் கொஞ்சம் வளைத்து, இரண்டு கையையும் நீட்டி, "மெதுவா சுபத்ரா, மெதுவா, பாத்து, மெதுவா" என்று. நன்றாகவே நடித்தாள். பதினோரு பேரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்குப் புறப்படும் முன் உடம்பைக் குளிர்விக்க சுகப்பிரியா ஒரு வழி சொல்லியிருந்தது. இருபது நிமிடம் முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். அதே தண்ணீரில் துண்டை நனைத்து முதுகிலும் வயிற்றிலும் சுற்ற வேண்டும், கழுத்தில் ஒரு ஈரத்துணி. கடையிலிருந்து வாயகன்ற அண்டா ஒன்றைக் கொண்டுவந்தேன். நகராட்சித் தண்ணீர் வரும்போது இரண்டு பெரிய மண்பானைகளில் நிரப்பி வைப்பேன். அவளுக்குச் சூடு தெரியாது என்பதால், கையை விட்டுப் பார்த்துச் சொல்வது என் வேலை.

"சில்லுனு இருக்கா?" என்பாள்.

"இருக்கு" என்பேன்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தற்செயல். நகராட்சித் தண்ணீர் வந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. பானையில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. அதைக் கழுத்துத் துணிக்கு எடுத்துக்கொண்டு, அண்டாவுக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தேன். ஆறவைத்திருக்கலாம். நேரமாகிவிட்டது. "சில்லுனு இருக்கா?" என்றாள். கழுத்தில் ஈரத்துணியைப் போட்டேன். "ஆங், நல்லா இருக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இருபது நிமிடம் கழித்து எழுந்தவளுக்குக் கால் நிற்கவில்லை. தூக்கினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் என்னத்துக்கு ஆவேன்" என்றாள். அன்று கூட்டத்துக்குப் போகவில்லை. நான் கடைக்கும் போகவில்லை. தலை வாரிவிட்டேன், வகிடு நேராக வந்தது. பொழுது சாயும்போது அவளுக்குப் பலம் திரும்பிவிட்டது.

அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் இல்லை. அப்படி நினைத்துவிடக் கூடாது. அவள் என்னிடம் எதுவுமே கேட்காமல் ஒரு வாரத்தைக் கடத்திவிட்டால், அந்த வெள்ளி மட்டும். அதிலும் முதலில் என் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். தோல் கொப்பளித்துவிடக் கூடாது. பானைத் தண்ணீரைக் கழுத்துக்குத் தவறாமல் வைப்பேன். தெரிகிற இடத்தில் அவளுக்குக் குளுமை கிடைக்க வேண்டும் அல்லவா.

"காலென்னங்க, மருதாணி வச்ச மாதிரி செவந்துருக்கு?" என்று ஒரு முறை கேட்டாள்.

"ரத்த ஓட்டம்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

திருச்சுழிப் பக்கத்தில் இந்த நோயுள்ளவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். கிட்டங்கி வரை வந்துபோக அவர்களால் முடியாது. அவர்களுக்கு அங்கேயே ஒரு கூட்டம் தொடங்கலாம், வெள்ளிதோறும் கிட்டங்கிக்குப் பதிலாகத் தானே பஸ்ஸில் அங்கே போய் நடத்தித் தருகிறேன் என்று சுபத்ரா சொன்னாள். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"அப்புறம் அவுகளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? கார் வச்சிருக்கிற புருசனா பாத்துக் கட்டிக்கிருங்கன்னா?" என்றாள். "நீங்க கடையப் பாருங்க."

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அன்று துண்டைக் குழாய்த் தண்ணீரில் வழக்கத்தைவிட இரண்டு முறை கூடுதலாக நனைத்துச் சுற்றினேன். பஸ் நிலையம் வரை சமாளித்துவிட்டாள். திருச்சுழி பஸ்ஸின் இரண்டாவது படியில் கால் மடிந்து விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல். வழியனுப்ப வந்திருந்த வீரணன் நாற்காலியிலிருந்து எட்டிப் பிடிக்கப் பார்த்து, அவனும் சரிந்தான்.

மதுரையில் டாக்டர் நிதானமானவர். நோய் புதிதாகத் தாக்கியிருக்கிறதா, சூட்டினால் வந்த தற்காலிகத் தளர்ச்சியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். என்னைப் பார்த்துக் கேட்டார். "காய்ச்சல், வெந்நீர், வெயில், ஏதாவது சூடு பட்டதா? வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி இப்படி ஆகிறது என்கிறார்களே."

"இல்லை, குளிர்ந்த தண்ணீரில்தான் கால் வைத்தாள்" என்றேன்.

இந்த விவகாரத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன பொய் என்றால் பெரும்பாலும் இதுதான். புதுத் தாக்குதல் என்று முடிவு செய்து ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். முகம் வீங்கியது. தூக்கம் போனது. சர்க்கரை ஏறியது. ஐந்து நாளும் நான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். நர்சுகள் மற்ற அறைகளுக்குப் போய் என்னைப் பற்றிச் சொன்னார்கள்.

ஊருக்கு வந்ததும் கூட்டத்தில் எனக்குச் 'சிறந்த துணைவர்' விருது கொடுத்தார்கள். பித்தளைக் குத்துவிளக்கு. என் கடையில் வாங்கியதுதான், என் கடைப் பையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வீரணன் கொஞ்சம் தாமதமாகத் தட்டினான். கூட்டம் முடிந்ததும் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் அருகில் வந்தான்.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி. அக்காவோட நரம்பு வெள்ளிக்கிழம மட்டும் கோவிச்சுக்கிருதே. மத்த நாள்ல அதுக்குச் சமாதானம் பண்றது யாரு?"

"என்னலே கேக்குற?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. என் ஆட்டோல ஏறுற ஆள்க கிட்டயும் இப்படித்தான் எதையாவது கேட்டுக்கிட்டே வருவேன். பழக்கம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் கண்ணை எடுக்கவில்லை.

சுபத்ராவுக்கு அதற்குப் பிறகு பழைய வேகம் இல்லை. "நம்மால ஆகாது போலருக்குங்க" என்று இரண்டு முறை சொன்னாள். அந்த இரண்டு மாதம் வீட்டில் நிம்மதியாக இருந்தது. அவள் படுத்திருந்தபடி பேச, நான் காய் நறுக்க, கேட்பவர்களுக்கு நல்ல குடும்பம் என்றுதான் தோன்றும். பானைத் தண்ணீரே போதுமாக இருந்தது.

போன வாரம் வீரணன் போனில் அவளிடம் வெகுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று தெரியாது. நடுவில் நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வைத்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"வார வெள்ளிக்கிழம திருச்சுழிக்குப் போறேன். நாலு மணி பஸ்ஸு. விழுந்தா விழுந்துட்டுப் போறேன். அங்க நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காக. ஆனா இதுலயும் கால் நிக்கலைன்னா அப்புறம் பஸ்ஸுப் பேச்சையே எடுக்க மாட்டேங்க. இது கடேசி."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க தண்ணி மட்டும் வச்சுக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கிருவேன்."

அந்தப் பேச்சு என்னைத் தொட்டுவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வெள்ளிக்கிழமை பானைத் தண்ணீர்தான் என்று. அவள் போய் வரட்டும். நான் கெட்டவன் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று அடிக்கப் போகிறது. நேற்று காலை நகராட்சித் தண்ணீர் வந்தபோது நான் கடையில் இருந்துவிட்டேன். பானைகளை நிரப்ப மறந்துபோனது. வேண்டுமென்று செய்ததில்லை, கடையில் வேலை அப்படி. உள்ளேயிருந்து சுபத்ரா கூப்பிடுகிறாள். தானே வகிடு எடுத்து, தானே சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். போய்க் குழாயைத் திறக்க வேண்டும், வேறு வழியில்லை. கழுத்துத் துணிக்கு வேண்டிய ஒரு செம்புத் தண்ணீரை மட்டும் நேற்றே மறக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.