பறக்க அம்பது நிமிஷம்

— ஏங்க, தூங்கிட்டீங்களா?

— இல்லம்மா... கண்ணத்தான் மூடினேன். எங்க இருக்கோம்?

— பாலத்து மேல. ஏர்போர்ட்டு கண்ணுக்குத் தெரியுது, போய்ச் சேரத்தான் முடியல.

— ஞாயித்துக்கிழமைன்னா ஊரே இங்கதான் நிக்கும். நீ மெதுவா ஓட்டு.

— நிக்கிற வண்டிய எப்படிங்க மெதுவா ஓட்டுறது?

— ...சரி தாயே.

— எவ்ளோ நேரம் பறப்பீங்க?

— என்னைக்கும்போலத்தான். அம்பது நிமிஷம். பெல்ட்ட மாட்டி ஒரு கொட்டாவி விட்டா, கழட்டச் சொல்லிடுவாங்க.

— முந்நூத்தி எண்பது கிலோமீட்டர்... ஒரு கொட்டாவி.

— பறக்குறது மட்டும்தான் அம்பது நிமிஷம். வீட்டுலேருந்து இங்க வர ஒன்றரை மணி. வந்து காத்துக் கெடக்க ரெண்டு மணி. இறங்கி பெட்டிக்கு அரை மணி, ரூமுக்குப் போக ஒன்னேகால்... கூட்டிக்கோ.

— ஆறு மணி நேரம்.

— ரயிலே ஏழுதான். படுத்துக்கிட்டாவது போலாம்.

— நாலு வருஷமா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா... அலுத்துப் போகலையா உங்களுக்கு?

— அலுக்காம? இடுப்பே விட்டுப் போச்சு.

— பேங்க்ல மாத்தல் கேட்டுப் பாக்கலாம்ல.

— கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். எவன் காதுல விழுது... ஏன், உங்க தபால் ஆபீஸ்ல நீ கேக்கறது?

— புள்ள படிப்பு இருக்குல்ல...

— அதுவும் சரிதான்.

— ம்.

— என்ன, ம்?

— வெள்ளிக்கிழமை நீங்க பறந்துக்கிட்டிருந்தப்ப உங்க மேனேஜர் கூப்பிட்டாருங்க.

— உன்னையா?

— உங்க போன்தான் அணைஞ்சு கெடந்துச்சே. அந்த அம்பது நிமிஷம் அவருக்குப் பொறுக்கல.

— என்ன... என்ன சொன்னாரு?

— மாத்தல் வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுத்த கடுதாசியில கையெழுத்தே இல்லையாம். நாளைக்குப் போனதும் மொத வேலையா போடச் சொன்னாரு.

— ஏசியக் கொஞ்சம் கூட்டி வைம்மா.

— தண்ணி அந்தப் பையில இருக்கு. குடிங்க.

— ரெண்டு நாளா தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலையே நீ.

— நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்.

— எப்படிம்மா சொல்ல... நம்ம ஊருக்கேதான் போட்டிருந்தாங்க. வீட்டுலேருந்து நடந்தே போயிடலாம், அந்தக் கிளைக்கு.

— அப்புறம் என்னங்க?

— ஒண்ணா இருந்தப்ப எப்படி இருந்தோம், மறந்துட்டியா? தொட்டதுக்கெல்லாம் சண்டை. கடைசி ஒரு வருஷம் பேச்சே இல்ல. சாப்பிட வரச் சொல்றதுக்கும் புள்ளைய அனுப்புவ.

— நீங்க மட்டும் என்னவாம்? பசிக்கலைன்னு அவகிட்டயே சொல்லி அனுப்புவீங்க.

— நானுந்தான், இல்லங்கல. இப்ப... ஏர்போர்ட்ட விட்டு நான் வெளிய வர்றப்ப நீ கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிற. என்னைப் பாத்துச் சிரிக்கிற. அது போயிடுமோன்னு பயமாயிடுச்சு.

— முன்னாடி வண்டி நகருது, இருங்க.

— திட்டிடு. வாங்கிக்கிறேன்.

— ரெண்டு நாளா கோவப்பட்டுப் பாத்தேன். வரமாட்டேங்குது.

— ஏன்?

— போன வருஷம் நானும் மாத்தல் கேட்டேங்க. நீங்க வேலை பாக்குற ஊருக்கே போட்டுட்டாங்க. ஆர்டரைக் கையில வாங்கினதும் எனக்கும் அதே பயம்... வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.