இரண்டு பக்கமும் காஜா

கரமனையில் பஸ் ஏறிய இரண்டு மாமிகள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தாள். இளையவள் அதை வாங்கி விரித்தாள்.

"உங்க பொண்ணு இருக்கற எஸ்டேட் குளிருக்குக் குழந்தைக்கு நன்னா இருக்கும். ஆனா என்ன மன்னி, ரெண்டு பக்கமும் காஜா வச்சிருக்கேள்? பட்டனை எங்கே தைக்கறது?"

"வேணும்னே வச்சதாக்கும். ஆணுன்னா இடப்பக்கம் காஜா, பொண்ணுன்னா வலப்பக்கம். பொறக்கறதுக்கு முன்னாடி யார் சொல்லுவா? அதான் ரெண்டுலயும் வச்சுப் பின்னினேன். வேண்டாத காஜா மேல பட்டனைத் தைச்சா ஓட்டை மறைஞ்சுடும்."

"பொறந்தப்புறம் டெய்லர்கிட்ட குடுத்து மெஷின்ல காஜா அடிச்சிருக்கலாமே?"

"அது துணிக்குச் சரி, கேட்டியோ. கம்பளியை வெட்டினா பின்னல் பூரா பிரிஞ்சுடும்."

"சரி, இப்போதான் பொறந்தாச்சே. எந்தப் பக்கம் பட்டன்?"

ஆடும் பஸ்ஸிலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்த மூத்தவள் ஸ்வெட்டரின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேக்கலையேடி."

"மாப்பிள்ளை போன் பண்ணினாரே?"

"பண்ணினார். ரெண்டு பேரும் சௌக்கியமான்னு கேட்டேன். சௌக்கியம்னார். அதுக்கு மேல கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."

"இருங்கோ, நான் கேட்டுடறேன்" என்று இளையவள் போனை எடுத்தாள்.

"வேண்டாம். போனதும் முதல்ல கையில வாங்கிக்கறேன். பட்டனெல்லாம் அப்புறம்."

ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி ஸ்டாப் வருவதற்கு வெகு முன்னாலேயே இருவரும் எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டார்கள்.